தீனிக்கலமும் அணிலும்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய தோட்டமொன்றில், சிட்டுக்குருவிகளுக்குக் கம்பு வைக்கத் தீனிக்கலம் வாங்குவதாகக் கொள்வோம். கனமான விலங்கு ஏறினால் வாய் மூடிக்கொள்ளும் கலங்கள் மேலைநாடுகளில் உண்டு. அவை ஏறத்தாழ 500 கிராம் எடையுள்ள சாம்பல்நிற அணிலைத் தடுக்க உருவானவை. நம் முதுகுவரி அணிலோ சுமார் 100 கிராமே. அதன் கனத்திற்கு அக்கலம் மூடாமலும் போகலாம். அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. ஆதலால் நெகிழிக் கலத்தையும் அது கொறித்துவிடும். எனவே, உலோகக் கலத்தைத் தேர்ந்து, கிளைகளிலிருந்து தாவ இயலாத தொலைவில் மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, அதன்மேல் வழுக்கும் கூம்பு மூடியொன்றைப் பொருத்த வேண்டும். அணிலும் பசியுள்ள உயிரே. மரத்தடியில் அதற்கும் ஒரு பிடி வைப்போம். எக்கருவியையும் வாங்குமுன், அஃது எவ்வுயிரைக் கருதிச் செய்யப்பட்டது என அறிதல் நன்று.