ஆலை ஏன் கரும்பைத் தேடிப் போனது?

பெங்களூர் ஜே.சி. சாலையில் மைசுகர் கட்டடம் இருக்கிறது. மைசூர் சர்க்கரை நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கட்டடத்தில் ஒரு பிடி சர்க்கரைகூடக் காய்ச்சப்படுவதில்லை. நிறுவனத்தின் ஆலை சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, மண்டியாவில். கணக்கும் காகிதமும் தலைநகரில் இருக்கலாம். அரவை மட்டும் வயலோரம்தான் நடக்க வேண்டும். இது கரும்பு போட்ட நிபந்தனை.

கரும்பில் இருக்கும் சுக்ரோஸ், குளுக்கோசும் ஃபிரக்டோசும் கைகோத்த மூலக்கூறு. வெட்டியதுமே கரும்பிலுள்ள இன்வர்டேஸ் நொதி அந்தப் பிணைப்பை அறுக்கத் தொடங்குகிறது. வெட்டுவாய் வழியே நுழையும் பாக்டீரியாக்கள் டெக்ஸ்ட்ரான் என்ற பிசினைச் சுரந்து சாற்றைக் கொழகொழப்பாக்குகின்றன. பிரிந்த சர்க்கரைகள் படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும். அதனால்தான் வெட்டு உத்தரவு கொடுத்த ஆலை, ஒரு நாளைக்குள் கரும்பு வந்துசேர வேண்டும் என்று துடிக்கிறது. மேலும், நூறு கிலோ கரும்பில் சர்க்கரை ஏறத்தாழ பத்துக் கிலோதான்; பெரும்பகுதி தண்ணீர். தொலைதூரம் கொண்டுபோனால் லாரி சுமப்பது தண்ணீரைத்தான். சாறு பிழிந்தபின் மிஞ்சும் சக்கையோ அதே ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருள்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. பீட் கிழங்கிலும் இதே சர்க்கரைதான் இருக்கிறது என்று 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் கண்டார். அவருடைய மாணவர் ஆஷார்ட் 1801இல் சிலேசியாவில் முதல் பீட் சர்க்கரை ஆலையை அமைத்தார். இங்கிலாந்தோடு நடந்த போரால் கரும்புச் சர்க்கரை வரத்துக் குறையவே, நெப்போலியன் பீட் சாகுபடியை ஊக்குவித்தார். அடுத்த ஆண்டு பூப்பதற்காகச் செடி சேர்த்துவைக்கும் இருப்பு அந்தக் கிழங்கு. குளிரில் வாரக்கணக்கில் குவித்துவைத்தாலும் தாங்கும். ஆனால் பீட் சக்கை கொதிகலனுக்கு எரிபொருளாவதில்லை, நிலக்கரி போல வேறு எரிபொருள் வேண்டும்.

மண்டியாவுக்குக் குளிரும் இல்லை, போதிய மழையும் இல்லை. அந்த ஊரை மாற்றியது காவிரி. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணை 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. இர்வின் கால்வாய் (இன்றைய விஸ்வேஸ்வரய்யா கால்வாய்) வறண்ட மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. 1932இல் இந்திய அரசு இறக்குமதிச் சர்க்கரைக்கு எதிராக உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பு அளித்தது. மறு ஆண்டே, மிர்சா இஸ்மாயில் மைசூர் திவானாக இருந்தபோது, மைசூர் சர்க்கரை நிறுவனம் பிறந்தது. அதற்கு முன்நின்றவர் மைசூர் வேளாண் துறையை நடத்திய கனடா நாட்டு விஞ்ஞானி லெஸ்லி கோல்மன். 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தடித்த கரும்பைக் காட்டு நாணலோடு சேர்த்து உருவாக்கிய உறுதியான ரகங்களும் அப்போது பரவிக்கொண்டிருந்தன.

கரும்போ பீட்டோ, வடித்து எடுத்த சர்க்கரை ஒன்றேதான். நாக்கால் பிரித்தறிய முடியாது. ஆனாலும் கார்பன் காட்டிக்கொடுக்கும். காற்றிலுள்ள கார்பனில் சுமார் ஒரு சதவீதம் சற்றுக் கனமான கார்பன்-13. பீட் இலை இந்தக் கனமான வகையைப் பெரிதும் ஒதுக்கும். வெயிலுக்குப் பழகிய கரும்பு வேறு வகை ஒளிச்சேர்க்கை செய்வதால் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. நிறை நிறமாலைமானி (mass spectrometer) என்ற கருவி இந்த வேறுபாட்டை அளந்துவிடும். தேன் தரும் பூக்களில் பெரும்பாலானவை பீட் வழியைப் பின்பற்றுபவை. ஆகவே தேனில் கரும்புச் சர்க்கரை கலந்தால் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்; பீட் சர்க்கரை கலந்தால் தப்பிவிடும்.