அந்நிய மொழி காத்த ஒலி

இத்தாலிய மொழியில் ஆறு என்ற எண்ணுக்குப் பெயர் 'செய்'. பிரெனே மலைத்தொடரின் மேற்குக் கோடியில், ஸ்பெயினிலும் பிரான்ஸிலுமாக ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் பாஸ்க் மொழியிலும் ஆறு 'செய்'தான். இதை மட்டும் பார்ப்பவர் இரண்டும் உறவு மொழிகள் என்று சொல்லிவிடலாம். அடுத்த இரண்டு எண்களைக் கேட்டதும் அந்த எண்ணம் கலைந்துவிடும். ஏழும் எட்டும் இத்தாலியத்தில் 'செத்தே', 'ஒத்தோ'. பாஸ்க்கில் 'சஸ்பி', 'சோர்ட்சி'. 'ஒத்தோ'வுக்கு லத்தீனில் 'ஒக்தோ' என்ற மூலம் உண்டு. லத்தீனில் 'க்த்' வந்த இடத்தில் இத்தாலியத்தில் 'த்த்' வருகிறது: இரவைக் குறிக்கும் 'நொக்தெம்' 'நொத்தே' ஆனது, பாலைக் குறிக்கும் 'லாக்தெம்' 'லாத்தே' ஆனது. ஒலிகள் இப்படி ஒழுங்காக அணிவகுத்து மாறுவதைத்தான் மொழியியல் உறவு என்று ஏற்கிறது. பாஸ்க் எண்களை எந்த மொழியோடும் இப்படி அணிவகுக்க முடியவில்லை. உயிரோடு இருக்கும் மொழிகளில் அதற்கு உறவு என்று எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. ஒற்றை 'செய்' கடனாகவோ தற்செயலாகவோ வந்திருக்கலாம்.

உறவு இல்லை என்றதோடு ஒப்பீடு முடிந்துவிட்டது என்று பலரும் நூலை மூடிவிடுகிறார்கள். சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமர்கள் இந்த மலையடிவாரத்துக்கு வந்துவிட்டார்கள். பாம்ப்லோனா நகரின் பெயரில் ரோமத் தளபதி பாம்பேயின் பெயர் இன்றும் இருக்கிறது. அவர்களோடு லத்தீன் சொற்களும் பாஸ்க்கில் ஏராளமாகக் குடியேறின. அமைதிக்கு லத்தீனில் 'பாக்கெம்'. அதன் நேர் வாரிசான இத்தாலியம் அதைப் 'பாச்சே' என்கிறது. பாஸ்க்கோ 'பக்கே' என்கிறது. சிற்றறையைக் குறித்த 'கெல்லா' இத்தாலியத்தில் சகர ஒலியோடு 'செல்லா' ஆகிவிட்டது. பாஸ்க்கில் அறைக்குப் பெயர் இன்றும் 'கெலா'. செர்ரிப் பழம் இத்தாலியருக்குச் 'சிலியேஜா', பாஸ்க் மக்களுக்குக் 'கெரேசி'. எகர இகரங்களுக்கு முன்னால் லத்தீனின் ககரம் சகரமாக மாறுவதற்கு முன்பே இந்தச் சொற்கள் பாஸ்க்குக்குள் வந்து சேர்ந்துவிட்டன. வாரிசு மொழி கைவிட்ட ஒலியை அந்நிய மொழி வைத்திருக்கிறது. பழமையைக் காப்பதற்கு ரத்த உறவு தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பாஸ்க் மக்கள் சகரத்தைத் தாங்களாகவே ககரமாக மாற்றியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இத்தாலியரின் அந்தச் சகர ஒலி பாஸ்க்கிலும் தாராளமாக உண்டு. வாயில் வராத ஒலி என்று சொல்ல முடியாது. லத்தீனின் பழைய ஒலி ககரமே என்பதைத் தொடர்பில்லாத மற்ற சாட்சிகளும் சொல்கின்றன. ரோமப் பேச்சாளர் சிசரோவின் பெயரைக் கிரேக்கர்கள் 'கிக்கெரோன்' என்று எழுதினார்கள். சீசர் ஜெர்மனியில் 'கைசர்' ஆனார். இத்தாலிக்கே சொந்தமான சார்டீனியத் தீவின் ஒரு பகுதியில் நூறு இன்றும் 'கெந்து'தான், இத்தாலியத்தில் 'சென்தோ'. அப்படியானால் வானத்துக்குப் பாஸ்க்கில் ஏன் 'செரு', லத்தீனில் 'கைலும்' அல்லவா என்று அடுத்த கேள்வி எழும். அது பிற்காலக் கடன். ககரம் லத்தீன் பேச்சில் மாறிய பிறகு வந்தது. கடன்கள் படிவுபடிவாக வந்தன என்பதையே அந்தச் சொல் காட்டுகிறது.

இலக்கணத்திலிருந்து எழும் மறுப்பு இன்னும் கனமானது. 'வந்தான்' என்பதற்கு இத்தாலியம் 'இரு' என்ற துணைவினையைச் சேர்க்கிறது, 'ரொட்டி தின்றான்' என்பதற்கு 'உடைமை'யைக் குறிக்கும் துணைவினையை. பாஸ்க்கிலும் 'எத்தோரி தா', 'ஜான் து' என்று இதே பிரிவு இருக்கிறது. இவ்வளவு ஆழத்தில் ஒற்றுமை இருந்தால் உறவு இல்லை என்று எப்படிச் சொல்வது? பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட இந்தப் பிரிவு உண்டு. அக்கம்பக்கத்து மொழிகளுக்கிடையே இலக்கணப் பழக்கமும் பரவும். எழுவாயைப் பாருங்கள். இத்தாலியத்தில் வந்த மனிதனும் தின்ற மனிதனும் ஒரே 'லுவோமோ'. பாஸ்க்கில் வந்தவன் 'கிசோனா'. ரொட்டியைத் தின்றவன் 'கிசோனாக்'. செயப்படுபொருள் மீது வினை செய்பவனுக்குத் தனி உருபு சேர்கிறது. இந்த அமைப்பு லத்தீனிலும் இல்லை, அதன் வாரிசுகளிலும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 1963-இல் வெளியான ஒரு நூலில் நிக்கோலாஸ் லாஹோவாரி திராவிட மொழிகளையும் பாஸ்க்கையும் இணைத்துப் பேசினார். தூண்டக்கூடிய ஒப்புமைகள் இருக்கவே செய்கின்றன. வீடு 'எச்சே', வீட்டில் 'எச்செயான்', வீட்டிலிருந்து 'எச்சேத்திக்' என்று நம்மைப் போலவே உருபை ஒட்டிக்கொண்டு போகிறார்கள். ரகரத்தில் சொல் தொடங்குவதைத் தவிர்த்து நாம் 'உரோமாபுரி', 'இராமன்' என்றதுபோல அவர்கள் ரோமை 'எர்ரோமா' என்றும், 'ரேகெம்' என்ற லத்தீன் அரசனை 'எர்ரெகே' என்றும் ஆக்கினார்கள். ஆனால் துருக்கியும் உருபு ஒட்டும் மொழிதான். தெற்கத்திப் பாஸ்க்கில் 'இரு' என்று கேட்டால் அது மூன்று, இரண்டல்ல. இத்தாலிய 'செய்'யை ஏற்காத அளவுகோல் நம் 'இரு'வையும் ஏற்காது. அதை வளைத்தால் எந்த மொழியையும் எந்த மொழியோடும் சேர்த்துவிடலாம். தமிழின் தொன்மைக்கு அந்தத் தயவு தேவையில்லை.

உறவில்லாத மொழியின் பழைய வடிவத்தை எப்படி அறிவது? ஒப்பிட ஆள் இல்லையே. பாஸ்க் மொழியியலாளர் கோல்டோ மிட்செலேனா 1961-இல் வெளியிட்ட பாஸ்க் ஒலியியல் வரலாற்று நூலில் வழி கிடைத்தது. லத்தீன் கடன்களின் தொடக்க வடிவம் நமக்குத் தெரியும். அவை பாஸ்க் வாயில் பட்ட பாட்டைக் கவனித்தால் அந்த மொழியின் விதிகள் புலப்படும். சங்கிலி 'கத்தேனா' 'கத்தேயா' ஆயிற்று; மதிப்பைக் குறிக்கும் 'ஹொனோரெம்' 'ஒஹோரே' ஆயிற்று. உயிரெழுத்துகளுக்கு நடுவில் நின்ற னகரம் உதிர்ந்திருக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு கடன் அல்லாத சொல்லுக்குப் போகலாம். திராட்சை மதுவுக்கு இத்தாலியர் 'வீனோ' என்பார்கள். பாஸ்க் மக்களுக்குச் சொந்தச் சொல்லே உண்டு. ஒரு வட்டாரத்தில் அது 'அர்தோ', மேற்கே 'அர்தாவோ', பிரான்ஸ் பக்கம் 'அர்னோ'. திராட்சைத் தோட்டத்துக்கு 'அர்தான்ட்சா', மதுக்கடைக்கு 'அர்தான்தெகி'. கூட்டுச்சொற்களில் னகரம் உயிர்களுக்கு நடுவே சிக்காததால் தப்பித்துவிட்டது. எழுத்தில் எங்கும் பதிவாகாத 'அர்தானோ' என்ற மூலச் சொல்லை மிட்செலேனா இப்படித்தான் மீட்டெடுத்தார்.