இருட்டில் நிற்பது கயோட்டியா, காவல் நாயா?

டெக்சாஸில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் என் நண்பர் போன் செய்தார். ஓநாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டிகள் இரவில் குட்டிகளைத் தூக்கிப் போகின்றனவாம். அங்கே இவற்றைச் சுடப் பருவத் தடை கிடையாது. "துப்பாக்கிக்கு நைட் விஷன் ஸ்கோப் வாங்கணும். நீ கம்ப்யூட்டர்காரன், எது நல்லதுன்னு சொல்லு" என்றார். துப்பாக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரித்தால், டிஜிட்டல் ஸ்கோப்பின் உள்ளே இருப்பது நம் வெப் கேமரா போன்ற சென்சார்தான்!

இது இன்ஃப்ராரெட் ஒளியைப் பாய்ச்சி, பட்டுத் திரும்புவதைப் படமாக்குகிறது. டிவி ரிமோட்டின் முனையை வெப் கேமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். மானிட்டரில் மினுக்குகிறதா? அந்த ஒளிதான். (சில கேமராக்களில் ஃபில்டர் தடுத்துவிடும்.) 850 நானோமீட்டர் விளக்கில் அதிக தூரம் தெரியும், ஆனால் விளக்கின் முகப்பு மங்கலாகச் சிவந்திருக்கும். 940-இல் சிவப்பு தெரியாது, தூரமும் குறையும்.

தெர்மல் ஸ்கோப்புக்கு விளக்கே வேண்டாம். உடல் சூட்டையே படமாக்கும். விலைதான் கையைக் கடிக்கும். சென்சார் 384×288 என்றால் 1,10,592 புள்ளிகள். 640×480 என்றால் 3,07,200. 'டிஜிட்டல் ஜூம் 8 மடங்கு' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்காதீர்கள். பெயிண்ட் புரோகிராமில் சின்னப் போட்டோவை இழுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கட்டம் கட்டமாகத்தான் வரும்.

நண்பரின் மந்தையோடு இரவில் காவல் நாயும் படுத்திருக்கும். தூரத்தில் தெர்மலுக்கு இரண்டுமே வெள்ளைப் பொட்டு! தேடுவதற்குக் கையில் ஒரு சின்ன தெர்மல், துப்பாக்கியில் டிஜிட்டல் என்று சொன்னேன். நாயின் கழுத்துப் பட்டை தெளிவாகத் தெரிகிற தூரத்தைத் தாண்டிச் சுடவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.