மாத்திரையில் தீர வேண்டிய நீர்க்கடுப்பு ஊசிக்கு வருவது ஏன்?

“சாதாரண நீர்க்கடுப்புக்கு எதற்காக மருத்துவமனையில் சேர்த்து ஏழு நாள் ஊசி போட வேண்டும்?” என்று நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஒரு தலைமுறைக்கு முன்பு சிறுநீர்த் தொற்று என்றால் நார்ஃப்ளாக்சசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைச் சில நாள் உட்கொண்டு நோயாளி வேலைக்குத் திரும்பிவிடுவார். இன்றும் நோய் அதுவே. நோயை உண்டாக்கும் கிருமியும் பெரும்பாலும் அதே ஈ.கோலை என்னும் பாக்டீரியாதான். மாறியிருப்பது அந்தக் கிருமிக்கும் மருந்துக்கும் உள்ள உறவு. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உலகெங்கும் பெருகி வருவதைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நம் நாட்டுக் குடும்பங்கள் அதை முதன்முதலாக நேரில் சந்திக்கும் இடங்களுள் ஒன்று சிறுநீர்த் தொற்று. ஆகவே அதை முன்வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்ற தொடர் நம் காதுகளுக்குப் பழகியது. அது நல்ல பொருளைத் தருவது. அதனால் ‘மருந்து எதிர்ப்பு’ என்று நாங்கள் சொல்லும்போது, நோயாளியின் உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். “எனக்கு ஆன்டிபயாடிக் கேட்காது, டாக்டர்; சின்ன வயதிலிருந்தே நிறைய எடுத்துவிட்டேன்” என்று கூறுபவர்களும் உண்டு. உடல் எந்த மருந்தையும் எதிர்ப்பதில்லை. எதிர்ப்பது கிருமி. அக்கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லக்கூடியது. ஆதலால் வாழ்நாளில் ஆன்டிபயாடிக் மாத்திரையையே தொட்டறியாத ஒருவருக்கும் மருந்துக்கு அடங்காத தொற்று வரலாம்.

ஈ.கோலை நம் எல்லோருடைய குடலிலும் வாழ்வது. குடலில் இருக்கும் வரை பெரும்பாலான வகைகள் தீங்கு செய்வதில்லை. அங்கிருந்து சிறுநீர்ப் பாதைக்குள் நுழையும்போதுதான் எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, அடிவயிற்று வலி ஆகியவை தோன்றுகின்றன. பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை குறுகியது என்பதால் இது அவர்களுக்கு அதிகம் வருகிறது. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் எந்த நோய்க்காக ஆன்டிபயாடிக் உட்கொண்டாலும் அது குடலையும் சென்றடைகிறது. வயிற்றுப்போக்கு கண்டவுடன் மருந்துக் கடையில் ஓஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த மாத்திரையைக் கேட்டு வாங்குவது நம் ஊர்களில் மிகச் சாதாரணம். வயிற்றுப்போக்குகளில் பெரும்பாலானவை உப்பு–சர்க்கரைக் கரைசலோடு தாமே தணிபவை. அந்த மாத்திரையால் குடலில் உள்ள மென்மையான பாக்டீரியாக்கள் மடிகின்றன. அதற்கு அடங்காதவை இடம் பிடித்துப் பெருகிச் சில மாதங்கள் வரை தங்கிவிடுகின்றன. அடுத்த முறை சிறுநீர்ப் பாதைக்குள் நுழைவது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஓஃப்லாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஆகவே ஜனவரியில் வயிற்றுக்காக வாங்கிய மாத்திரை, மார்ச்சில் நீர்க்கடுப்புக்கான மாத்திரையைப் பயனற்றதாக்கிவிட முடியும். எங்கள் மதிப்பீட்டில், தேவையற்ற ஆன்டிபயாடிக்கினால் விளையும் கேட்டை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

கிருமி மருந்தை எவ்வாறு வெல்கிறது? பல வழிகள் உள்ளன. சில பாக்டீரியாக்கள் உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. சில, மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன. நம்மை அதிகம் வருத்துவது மூன்றாவது வழி: மருந்தை உடைத்தெறியும் நொதியைச் சுரப்பது. இ.எஸ்.பி.எல். என்று உங்கள் அறிக்கையில் அச்சாகியிருப்பது அத்தகைய நொதிகளின் பெயர். செஃபிக்சிம் மாத்திரை, செஃப்ட்ரையாக்சோன் ஊசி முதலிய மருந்துகளை அவை செயலிழக்கச் செய்கின்றன. இந்த நொதிக்கான மரபணு, பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா அந்த வளையத்தைப் படியெடுத்துப் பக்கத்திலுள்ள வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். தேர்வு அறையில் விடைத்தாள் கைமாறுவதைப் போன்றது இது. ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருப்பதும் உண்டு.

இ.எஸ்.பி.எல். கிருமி கடுமையான தொற்றை உண்டாக்கும்போது மெரோபெனம், எர்டாபெனம் போன்ற கார்பாபெனம் வகை மருந்துகளை நாடுகிறோம். நடைமுறையில் இவற்றை ஊசியாகவே செலுத்துகிறோம். நீங்கள் கேட்ட ‘ஏழு நாள் ஊசி’ பெரும்பாலும் இதுதான். இந்த ஊசிக்கும் அடங்காத கிருமி உண்டு என்பதே உலக நாடுகளின் கவலை. 2008இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் அத்தகைய கிளெப்சியெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. அவர் அதற்கு முன்பு இந்தியாவில் சிகிச்சை பெற்றவர். அந்தக் கிருமி சுரந்த புதிய நொதிக்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, அதே மரபணு சென்னை, ஹரியானா, பிரிட்டன் முதலிய இடங்களில் எடுக்கப்பட்ட கிருமிகளிலும் இருப்பதைக் காட்டியது. பெயரில் ‘நியூ டெல்லி’ இடம்பெற்றது குறித்து அன்று எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். பெயரைப் பற்றிய வாதத்தில் செலவான நேரம் கிருமியைப் பற்றிச் செலவாகியிருக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஆயினும் நல்ல விளைவும் இருந்தது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் விற்பனையையும் பயன்பாட்டையும் ஒழுங்குபடுத்தும் பரிந்துரைகளை உருவாக்கின. அது ‘சென்னைப் பிரகடனம்’ என்றே உலகில் அறியப்படுகிறது.

என்.டி.எம். கிருமிக்கு எதிராக நெடுங்காலம் எங்கள் கையில் மிஞ்சியிருந்த சில மருந்துகளுள் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் 1970களில் ஏறக்குறைய ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து அது. அதே மருந்து கோழிப் பண்ணைகளில் தீவனத்தோடு கலந்து கொடுக்கப்பட்டு வந்தது. 2015இல் சீனாவில், கொலிஸ்டினுக்கு அடங்காத தன்மையைக் கிருமியிலிருந்து கிருமிக்குக் கடத்தும் மரபணு கண்டறியப்பட்டது. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் அம்மருந்தைத் தருவதைத் தடைசெய்தது. உலக அளவில், 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த இறப்புகள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

கல்ச்சர் அறிக்கையை எப்படிப் படிப்பது?

கல்ச்சர் எனப்படும் வளர்ப்புச் சோதனையில் உங்கள் சிறுநீரின் ஒரு துளியைச் சத்துக் கூழ் பரப்பிய தட்டில் இட்டு வளர்க்கிறோம். கிருமி வளர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வளர்ந்த கிருமியைப் பிரித்தெடுத்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்க மேலும் ஒரு நாள் ஆகும். அறிக்கை இரண்டு அல்லது மூன்று நாள் கழித்து வருவது சோதனைக்கூடத்தின் தாமதமன்று. கிருமி வளரும் வேகம் அவ்வளவுதான். அறிக்கையில் மருந்தின் பெயருக்கு எதிரே ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அடங்கும். ‘ஆர்’ என்றிருந்தால் அடங்காது. ‘ஐ’ என்றிருந்தால் கூடுதல் அளவில் கொடுத்தால் பயன்படலாம். பத்து மருந்துகளுக்கு எதிரே ‘எஸ்’ இருக்கையில், “பட்டியலில் கடைசியாக உள்ள பெரிய மருந்தையே கொடுங்கள்” என்று சிலர் கேட்கின்றனர். விலை உயர்ந்த மருந்து கிருமியை அதிகமாகக் கொல்வதில்லை. போதுமான மருந்துகளில் எளியதைத் தேர்ந்தெடுப்பதே முறை. உலகச் சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்துள்ளது: எல்லோருக்கும் கிடைக்க வேண்டியவை, கவனத்தோடு தர வேண்டியவை, இறுதித் தேவைக்கென ஒதுக்கி வைக்க வேண்டியவை. மெரோபெனம் இரண்டாம் வகையிலும் கொலிஸ்டின் மூன்றாம் வகையிலும் உள்ளன.

இ.எஸ்.பி.எல். என்று அச்சாகியிருந்தால் ஊசி கட்டாயம் என்றும் அஞ்ச வேண்டாம். காய்ச்சல் இன்றி, தொற்று சிறுநீர்ப்பையில் மட்டும் இருந்தால், 1950களில் பயன்பாட்டுக்கு வந்த நைட்ரோஃபுரன்டாயின் இன்றும் பல நோயாளிகளுக்குப் போதுமானது. பொதுவாக ஐந்து நாள் கொடுப்போம். தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் பொடியும் உண்டு. இம்மருந்துகள் சிறுநீரில் செறிந்து சேர்பவை. சிறுநீரகத் திசுவிலும் இரத்தத்திலும் போதிய அளவு சேர்வதில்லை. ஆகவே குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவின் பின்புறம் வலி, வாந்தி ஆகியவை இருந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். அப்போது இவை உதவா. நாங்கள் ஊசியை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இரத்த அழுத்தம் குறைந்த நிலையில் வருபவருக்கு அறிக்கைக்காகக் காத்திருக்க மாட்டோம். மாதிரி எடுத்தவுடன் வலுவான மருந்தைத் தொடங்கிவிடுவோம். மூன்றாம் நாள் அறிக்கை வந்தபின் அதை எளிய மருந்தாகவோ மாத்திரையாகவோ மாற்றுவோம். “நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த மருந்தை ஏன் நிறுத்துகிறீர்கள்?” என்று அந்த நாளில் குடும்பத்தினர் கலங்குவதுண்டு. அது சிகிச்சையைக் குறைப்பதன்று. கிருமி இன்னதென்று தெரிந்துவிட்டதன் பலன்.

அறிகுறி இல்லாதபோது

முழு உடல் பரிசோதனை முடிவில் சிறுநீரில் ‘சீழ் அணுக்கள் 8–10’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் பதறி வருகின்றனர். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதவருக்கு அந்த எண்ணுக்காக ஆன்டிபயாடிக் தேவையில்லை. கல்ச்சரில் கிருமியே வளர்ந்திருந்தாலும், அறிகுறி இல்லையெனில் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ள இருப்பவர்களுக்கும் மட்டுமே பொதுவாகச் சிகிச்சை தருகிறோம். முதியவர்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் கணிசமானோரின் சிறுநீரில் கிருமி தொல்லையின்றி வாழ்கிறது. அதை மருந்தால் துரத்தினால் அந்த இடத்துக்கு முரட்டுக் கிருமி வந்து சேரும். மருந்து முடிந்து நலமடைந்த பிறகு ‘சுத்தமாகிவிட்டதா’ என்று பார்க்க மீண்டும் கல்ச்சர் செய்வதும் பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை.

சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களின் நிலை வேறு. ஒரு மாதம் குழாய் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி குடியேறிவிடும். எனவே உங்கள் உறவினருக்குக் குழாய் போட்டிருந்தால், “இன்று எடுத்துவிடலாமா?” என்று தினமும் எங்களைக் கேளுங்கள். அதை நாங்கள் தொந்தரவாகக் கருதுவதில்லை. பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. கட்டில் கம்பியையோ பையையோ தொட்டபின் கைகளைக் கிருமிநாசினியால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளியின் கிருமி அடுத்த கட்டிலுக்குச் செல்வது பெரும்பாலும் கைகளின் வழியாகத்தான். மருத்துவர்களின் கைகளும் இதில் அடக்கம்.

அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு மருந்தில்லாத வழிகளும் உள்ளன. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பது தொற்று திரும்ப வருவதைக் குறைக்கும் என்று ஆய்வில் தெரிந்துள்ளது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜென் களிம்பு பயன் தருகிறது; கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் மட்டும் எங்களைக் கேட்டபின் கூட்டிக்கொள்ளுங்கள். கழிப்பறை வசதி இல்லாத கடைகளிலும் பள்ளிகளிலும் வேலை செய்யும் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழிப்பதை அறிவோம். அதற்கு மருத்துவச் சீட்டில் எழுதித் தரக்கூடிய தீர்வு இல்லை.

மருந்துக் கடை குறித்தும் சிறிது சொல்ல வேண்டும். செஃபிக்சிம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் முதல் ‘அட்டவணை எச்1’ என்ற சட்டப் பிரிவில் உள்ளன. மருத்துவரின் சீட்டின்றி அவற்றை விற்கக்கூடாது; விற்றவுடன் நோயாளி, மருத்துவர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டுடன் மட்டும் வாங்க வேண்டிய மருந்து. சென்ற ஆண்டின் சீட்டைக் காட்டி இந்த ஆண்டு வாங்குவது கடையில் நடந்துவிடுகிறது. கிருமி இதற்கிடையில் மாறியிருக்கும். எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறோமோ அத்தனை நாள் உட்கொள்ளுங்கள். முன்பு பதினான்கு நாள் கொடுத்த சிறுநீரகத் தொற்றுக்கு இப்போது பலருக்கு ஏழு நாளே போதும் என்று தெரிந்திருக்கிறது. எனவே நாள் குறைவாக எழுதியிருப்பதைக் கண்டு நீங்களாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

சிகிச்சைக்கு வரும்போது பழைய கல்ச்சர் அறிக்கைகளையும், கடந்த மூன்று மாதங்களில் வயிற்றுக்கோ சளிக்கோ பல்லுக்கோ உட்கொண்ட ஆன்டிபயாடிக்கின் அட்டைகளையும் கொண்டுவாருங்கள். முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க அவை எங்களுக்கு மிகவும் உதவும். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே சிறுநீர் மாதிரி கொடுத்துவிட வேண்டும். முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை நாங்கள் தரும் மூடியிட்ட குப்பியில் பிடியுங்கள். உட்புறத்தைக் கையால் தொடாதீர்கள். வீட்டிலிருந்து கொண்டுவருவதானால் இரண்டு மணி நேரத்துக்குள் சோதனைக்கூடத்தில் சேர்ப்பியுங்கள். இயலாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து வாருங்கள்.