குளிரில் விறைத்த கோழிக்குஞ்சு: முதலில் சூடு, பிறகுதான் தீனி

கிள்ளான் வட்டாரக் கம்பத்து வீடுகளில் மாலை மழை ஓய்ந்ததும், தாய்க்கோழி விட்டுப்போன குஞ்சு விறைத்துக் கிடப்பதுண்டு. அசைவில்லை என்று உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிறந்த சில நாட்களுக்குக் குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உள்ளங்கையில் பொத்தி வையுங்கள். பிறகு அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் குண்டு பல்பு எரியட்டும். எல்இடி விளக்கில் போதிய சூடு வராது. முதல் வாரம் பல்புக்கு அடியில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூடு அதிகமானால் ஒதுங்கிக்கொள்ள மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள்.

விறைத்த குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிரைப் பறிக்கலாம். இப்போதுதான் பொரித்த குஞ்சு என்றால் வயிற்றில் எஞ்சிய மஞ்சள் கரு 2, 3 நாள் தாங்கும், அவசரம் வேண்டாம். எழுந்து நின்று கத்திய பிறகு, அலகை வெதுவெதுப்பான நீரில் தொட்டுக் காட்டுங்கள். அதன் பிறகே தீனி.