கறுப்புப் பந்தும் காசின் எழுத்தும்

மறையூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைக்கும் பழங்காசுகளில் எழுத்து தேய்ந்திருக்கிறதே, நல்ல கேமரா இருந்தால் படித்துவிடலாமா? கேள்வி பொருத்தமான ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது. மறையூர்ப் பக்கம் ஓடும் பாம்பாறு சின்னாறோடு சேர்ந்துதான் அமராவதிக்குப் போகிறது. மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் கரூரில் கிடைத்தவை.

படிக்க வழியுண்டு. ஆனால் கேமராவைவிட வெளிச்சம் முக்கியம். பட்டி பூசிய சுவரில் பெயிண்டர் பல்பைப் பக்கவாட்டில் பிடித்து மேடுபள்ளம் பார்ப்பாரே, அதே வித்தைதான். அதைக் கணக்காக்கியவர் டாம் மால்ஸ்பெண்டர், 2001இல் ஹெச்.பி. ஆய்வகத்தில் சகாக்களோடு சேர்ந்து இம்முறையை வெளியிட்டார். காசும் கேமராவும் அசையக்கூடாது. விளக்கை மட்டும் ஒரே தூரத்தில் சுற்றிச் சுற்றி வைத்து ஐம்பது படம்போல எடுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது, காசுக்குப் பக்கத்தில் வைக்கும் பளபளப்பான கறுப்புப் பந்து. ஒவ்வொரு படத்திலும் விளக்கின் ஒளி அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். பந்தின் பரப்பில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு திசையைப் பார்க்கிறது. ஆகவே புள்ளி எங்கே விழுந்தது என்று தெரிந்தாலே விளக்கு எங்கிருந்தது என்று கணித்துவிடலாம். கோணம் அளக்கும் கருவி தேவையில்லை. பிறகு காசின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதைக் கணினி கண்டுபிடிக்கும். திரையில் நாமே வெளிச்சத்தைத் திருப்பலாம். பச்சைக் களிம்பின் நிறத்தை நீக்கி, வடிவத்தை மட்டும் பார்க்கலாம். ஏதென்ஸில் ஆன்டிகைதெரா என்ற பண்டைக் கிரேக்கக் கருவியின் அரித்துப்போன துண்டுகளை 2005இல் இப்படித்தான் படமெடுத்தார்கள்.

முழுக்கத் தேய்ந்துபோன எழுத்து இதிலும் திரும்பாது. அதனால்தான் காசைப் புளி போட்டுத் தேய்ப்பவர்களையும் ஆசிடில் முக்குபவர்களையும் கண்டால் வயிறு எரிகிறது. ஆற்றுநீர் ஈராயிரம் ஆண்டு விட்டுவைத்த மேட்டை ஒரு நிமிடத்தில் கரைத்துவிடுகிறார்கள். பல அருங்காட்சியகங்களிலோ, மங்கிய டியூப்லைட்டுக்குக் கீழே, ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி காசுகள் கிடக்கின்றன. ஒரு கேமரா, ஸ்டாண்டு, கையில் பிடிக்கும் ஃபிளாஷ், அந்தப் பந்து, இவ்வளவுதான் செலவு. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மாவட்ட அருங்காட்சியகங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்களை அழைத்து இந்த வேலையைத் தொடங்கலாம்.

மறையூர் வாசகருக்கு: உங்கள் கையில் காசு ஏதும் இருந்தால் கழுவாதீர்கள். மண்ணோடு காகிதத்தில் மடித்து, கிடைத்த இடத்தை அதன்மேல் எழுதி, தொல்லியல் துறையில் காட்டுங்கள்.