உஷார்! மருந்துச் சீட்டு இல்லாமல் வரும் ஐந்து மாத்திரைகள்

நாள் தள்ளிப்போனால் பல வீடுகளில் முதலில் ஓடுகிற இடம் ஆஸ்பத்திரி இல்லை, மெடிக்கல் ஷாப். ஓடுவதும் பெரும்பாலும் அந்தப் பெண் இல்லை. கணவரோ, காதலரோ, பக்கத்து வீட்டு அக்காவோ கடையில் கூட்டம் குறைகிற நேரம் பார்த்துப் போய், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். பில் கிடையாது, சீட்டு கிடையாது. "இன்னைக்கு ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சு மிச்சம் நாலு" என்பதோடு ஆலோசனை முடிந்துவிடுகிறது. விழுங்கப்போகிறவருக்கு எத்தனை வாரம், உடம்பில் ரத்தம் இருக்கிறதா, ஏற்கெனவே என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. அவர் முகத்தைக்கூடக் கடைக்காரர் பார்த்ததில்லை.

எங்கோ ஓரிருவர் செய்வது என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நடந்த கருக்கலைப்புகளில் நூற்றுக்கு 27, பெண்கள் தாங்களாகவே வீட்டில் செய்துகொண்டவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை விஷமில்லை. மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. இந்த ஜோடி 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. சரியான வாரத்தில், சரியான ஆளுக்குக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இல்லாமல் வேலை செய்யும். என் பயமெல்லாம், கரு எங்கே தங்கியிருக்கிறது என்றே தெரியாமல் அதை விழுங்குவதில்.

சில பெண்களுக்குக் கரு கர்ப்பப்பைக்குப் போய்ச் சேராமல் கருக்குழாயிலேயே தங்கிவிடும். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகும். இந்த மாத்திரைகள் குழாயில் இருக்கிற கருவை ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பப்பை சுருங்கும், ரத்தம் போகும், வயிறு வலிக்கும். 'கலைஞ்சிடுச்சு' என்று வீடே நிம்மதியாக இருக்கும். உள்ளே கரு வளர்ந்துகொண்டே போய், ஒருநாள் குழாய் வெடிக்கும். ரத்தமெல்லாம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும். வெளியே நாப்கினில் கொஞ்சமாகத்தான் தெரியும். 'மாத்திரை போட்டா வலிக்கத்தானே செய்யும்' என்று படுத்திருக்கும் நேரம்தான் உயிரை வாங்குகிறது. ஒரு பக்கமாக அடிவயிற்றில் குத்துகிற வலி, தோள்பட்டை நுனியில் வலி, எழுந்தால் தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் இதை இன்னும் உரக்கச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே கருத்தடை என்றாலே பெண்களுக்குச் செய்கிற குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான். இரண்டாவது குழந்தையோடு சேர்த்து அதையும் முடித்துவிடுகிறோம். அரிதாக ஆபரேஷன் தோற்கும். அப்படித் தோற்றுக் கரு உண்டானால், அது குழாயிலேயே தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். காப்பர்-டி உள்ளே இருக்கும்போது கர்ப்பமானவர்களுக்கும், முன்பு ஒருமுறை குழாய்க் கர்ப்பம் வந்தவர்களுக்கும் அதே ஆபத்துதான். ஆனால் ஆபரேஷன் செய்த பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் வீட்டில் முதலில் வருவது சந்தேகம். 'ஆபரேஷன் பண்ணிட்டோமே, அப்புறம் எப்படி?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து அவள் ரகசியமாக மாத்திரை தேடுவாள். கண்டிப்பாக ஸ்கேன் பார்த்தாக வேண்டிய பெண்ணையே இப்படி மறைவுக்குத் துரத்துகிறோம்.

இன்னொரு கூத்து, கேட்டது ஒன்று, கொடுப்பது ஒன்று. மாதவிடாய் வரவைக்க என்று ஹார்மோன் மாத்திரையை நீட்டுகிற கடைகள் உண்டு. உண்டாகிவிட்ட கர்ப்பத்தை அது கலைக்காது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரையும் கலைக்காது. அது கர்ப்பம் உண்டாகாமல் தடுக்க மட்டும். பப்பாளி, எள்ளுருண்டை, அன்னாசி பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றை நம்பி இரண்டு வாரம் போனால், போன இரண்டு வாரம் திரும்பி வராது.

வாரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டாக்டர்கள் உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு நாள் தள்ளிப்போன அன்றே நான்கு வாரம் முடிந்திருக்கும். நம் நாட்டு விதிப்படி மாத்திரையால் கலைக்க டாக்டர் எழுதித்தரக்கூடியது 9 வாரம் வரை, அதாவது 63 நாள். ஆக, தெரிந்துகொண்ட பிறகு கையில் இருப்பது ஐந்தே வாரம். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கு அதுவும் நிச்சயமில்லை. ஏழு வாரம் என்று நினைத்து விழுங்கியவருக்குப் பன்னிரண்டு வாரமாக இருந்தால், ரத்தப்போக்கைத் தாங்க வீட்டில் என்ன இருக்கிறது? மாத்திரை தோற்றுக் கர்ப்பம் தொடர்ந்தாலும் சிக்கல்தான். மிசோப்ரோஸ்டால் பட்ட கருவுக்கு உறுப்புக் குறைபாடு வரக்கூடும். அதனால் 'சரி, இருந்துட்டுப் போகட்டும்' என்று டாக்டரைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

முன்பு சொன்ன 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில் இன்னும் ரத்தம் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், உள்ளே காப்பர்-டி வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. நெகட்டிவ் ரத்தப் பிரிவு என்றால் அதையும் சொல்லுங்கள். ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

இவ்வளவு இருந்தும் ஏன் கடைக்குப் போகிறார்கள்? ஆஸ்பத்திரியைப் பற்றி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது அப்படி. 'புருஷன் கையெழுத்து வேணும்.' 'கல்யாணம் ஆகாதவங்களுக்குப் பண்ண மாட்டாங்க.' 'போலீஸ் கேஸ் ஆகிடும்.' இதில் கொடுமை, சில ஆஸ்பத்திரி ஊழியர்களே இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புவது.

சட்டம் சொல்வது வேறு. மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது 1971-ல். அதன்படி 18 வயது நிறைந்த, மனநலப் பாதிப்பு இல்லாத பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவர், அப்பா, மாமியார் யாருடைய கையெழுத்தும் வேண்டாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். கருத்தடை தோற்றதும் செல்லுபடியாகும் காரணம். முன்பு 'மணமான பெண், அவள் கணவர்' என்று இருந்த இடத்தில் இப்போது 'பெண், அவள் துணை' என்று இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. இதில் மணமாகாத பெண்ணைத் தள்ளிவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. பெண்ணின் பெயர், விவரங்களைச் சட்டப்படி உரிமை இல்லாதவர்களிடம் வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை.

18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலர் சம்மதம் தேவை. போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவலும் சொல்லியாக வேண்டும். இங்கேதான் பெற்றோர் பயந்து பின்வாசல் தேடுகிறார்கள். அந்த 2022 தீர்ப்பு இதற்கும் வழி சொல்லியிருக்கிறது: சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்லத் தேவையில்லை. ஊரறிந்துவிடும் என்று நாட்டு வைத்தியச்சியிடம் ஒரு பிள்ளையை அழைத்துப்போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

24 வாரம் தாண்டினால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள், அல்லது கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னவர்கள் தவிர மற்றவர்கள் நீதிமன்றம்தான் போக வேண்டும். அங்கேயும் உறுதியில்லை; 2023 அக்டோபரில் 26 வாரக் கர்ப்பம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. நாளைக் கடத்துவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இது ஒன்று போதும்.

அதிகாரிகளுக்கும் ஒன்று. சீட்டில்லாமல் விற்பது தவறு, பிடியுங்கள். ஆனால் 2020-ல் ஆறு மாநிலங்களின் மருந்துக் கடைகளில் நடந்த ஆய்வில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு இரண்டு கடைகளில்தான் இந்த மாத்திரை இருப்பு இருந்தது. ரெய்டு, கணக்கு வழக்கு என்று பயந்து நேர்மையான கடைக்காரர் வாங்கியே வைப்பதில்லை. டாக்டர் எழுதித்தந்த சீட்டோடு வருகிற பெண்ணும் கடை கடையாக அலைகிறாள். சீட்டில்லாமல் விற்பவனுக்கோ போட்டி குறைந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தையும் கருக்கலைப்புச் சட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எல்லாக் கருக்கலைப்பையும் குற்றம்போல் பார்த்தால் இப்படித்தான் ஆகும். ஒன்பது வாரத்துக்குள் ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லவே முடியாது என்பதாவது நினைவிருக்கட்டும்.

எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மருத்துவ ஆலோசனை எண். பக்கத்து அரசு மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவில் 'கையெழுத்து' என்று இழுத்தால், வயது வந்த பெண்ணின் சம்மதம் போதும் என்று சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷன் செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று யாராவது நிபந்தனை போட்டால் அதற்கும் சட்டத்தில் இடமில்லை.

ஏற்கெனவே விழுங்கிவிட்டவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது அடுத்த ஒரு மணி நேரமும் தொடர்ந்தால் காத்திருக்காதீர்கள். மறுநாளும் விடாத காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளை, இரண்டு வாரம் தாண்டியும் நிற்காத போக்கு என்றாலும் டாக்டரிடம் போங்கள். மாத்திரை போட்டும் ரத்தமே வரவில்லை என்றால் அன்றே ஸ்கேன் பாருங்கள். அது குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம். வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து ஏமாற வேண்டாம். கலைந்த பிறகும் சில வாரம் அது பாசிட்டிவ் காட்டும். டாக்டரிடம் 'தானா ஆரம்பிச்சுது' என்று மறைக்காமல் என்ன மாத்திரை, எந்தத் தேதி, எத்தனை என்று சொல்லுங்கள். கூடப் போகிறவர் மாமியாராக இருந்தால், அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும்படி நர்ஸிடம் கேட்கலாம். தனியாகப் பேசுவது உங்கள் உரிமை.